கட்டி கரையும் வாரம்

ஒரு மகள், நாவலப்பிட்டி
அப்பாவின் கழுத்துக் கட்டி மூன்று கிழமைக்குள் மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வேகமாக வளரும் லிம்போமா என்று கண்டியில் சொன்னார்கள். வாட்டில் படுக்க வைத்துவிட்டு இரண்டு நாளாக வெறும் சேலைன்தான் ஏற்றுகிறார்கள். கீமோவை இன்னும் தொடங்கவில்லை. நாள் வீணாகிறதே ஐயா?

வீணாகவில்லை மகள். அந்தச் சேலைன்தான் அப்பாவுக்குக் கொடுக்கப்படும் முதல் மருந்து.

வேகமாக வளர்கிற கட்டி மருந்து பட்டதும் வேகமாகவே சாகும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பொட்டாசியம் இருக்கிறது, பொஸ்பேட் இருக்கிறது, மரபுப்பொருள் இருக்கிறது. கோடிக்கணக்கான கலங்கள் ஒரே நாளில் உடைந்தால் இவ்வளவும் இரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறும், சில வேளை நின்றும் போகும். பொஸ்பேட் ஏறினால் அது இரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். கல்சியம் இறங்கியதும் விரல் நுனி விறைக்கும், தசை இழுக்கும், வலிப்புக்கூட வரலாம். மரபுப்பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகும். அது அளவு மீறினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்குகளாகப் படிந்து சலத்தை மறிக்கும்.

மே, ஜூன் மழையில் நாவலப்பிட்டி நகரத்துக் கான்கள் ஏன் பொங்குகின்றன? தண்ணீரோடு குப்பையும் மண்ணும் ஒரே நேரத்தில் வந்து அடைப்பதால்தானே. மழை தொடங்கும் முன்னரே கானைத் துப்புரவாக்கித் தண்ணீர் ஓடும்படி வைத்தால் நகரம் தப்பும். அப்பாவின் சிறுநீரகங்களுக்கு இந்த இரண்டு நாளும் அதைத்தான் செய்கிறார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளில் 2 முதல் 3 லீற்றர் என்று கணக்கிட்டு ஏற்றுவார்கள். ஒரு வளர்ந்தவருக்கு அது 4 லீற்றரைத் தாண்டலாம். இதயம் பலவீனமானவருக்குக் குறைப்பார்கள்.

கலங்கள் இப்படி ஒரேயடியாக உடைவதை வைத்தியர்கள் 'டியூமர் லைசிஸ்' என்பார்கள். கட்டிச் சிதைவு என்று நாம் சொல்லலாம். வாட்டில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் பயப்பட வேண்டாம். அதை எதிர்பார்த்து ஆயத்தமாகிறார்கள் என்பதே அதன் பொருள்.

தேயிலைத் தொழிலாளி, கினிகத்தேனை
கட்டி கரைவது நல்லதுதானே? அதில் என்ன ஆபத்து?

கரைவது நல்லது. ஒரே இரவில் கரைவதுதான் ஆபத்து.

உயர்தர மாணவி, கம்பளை
எல்லாப் புற்றுநோயிலும் இப்படி நடக்குமா? எது மிக வேகமானது?

எல்லாவற்றிலும் நடக்காது. மெதுவாக வளரும் கட்டிகளில் அரிது. கடும் இரத்தப் புற்றுநோய்களிலும், வேகமான லிம்போமாக்களிலும்தான் பயம் அதிகம். அவற்றிலும் முதலிடம் பர்க்கிட் லிம்போமாவுக்கு. ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடிய கட்டி அது. மனிதருக்கு வரும் கட்டிகளில் அதைவிட வேகமானதைக் காண்பது கடினம். பெரியவர்களில் அடிக்கடி காண்பது பரவிய பெரிய பி-கல லிம்போமா. அதில் கட்டி பருமனாக இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதியத்தின் அளவு மிக உயர்ந்திருந்தாலோ, சிறுநீரகம் முன்னரே பழுதாகியிருந்தாலோ வைத்தியர் கூடுதல் எச்சரிக்கையாவார்.

உகண்டாவின் முலாகோ வைத்தியசாலையில் வேலை செய்த ஐரிஷ் அறுவை வைத்தியர் டெனிஸ் பர்க்கிட், 1957இல் தாடை வீங்கிய ஒரு பிள்ளையைப் பார்த்தார். அதே மாதிரிப் பிள்ளைகளைத் தேடித் தொகுத்து 1958இல் எழுதினார். அவர் அனுப்பிய கட்டித் துண்டுகளிலிருந்து எப்ஸ்டைன், அச்சோங், பார் ஆகிய மூவரும் 1964இல் ஒரு வைரஸைக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புபட்டதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். ஒரு வைத்தியர் பிள்ளைகளை உற்றுப் பார்த்ததிலிருந்து தொடங்கிய கதை இது. உயிரியல் படிக்கிற பிள்ளை இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மகன், வட்டவளை
அம்மாவுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்த உடம்பு. இருக்கிற இரத்தமும் போய்விடாதா?

ஒரு முறைக்கு 5 மில்லிலீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 20. வளர்ந்தவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. இரத்ததானத்தில் கொடுப்பதே 450 மில்லிலீற்றர். ஆகவே அந்தக் கவலையை விடுங்கள் தம்பி.

ஒரு தடவை பார்த்தால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். கீமோ தொடங்கி 12 முதல் 72 மணித்தியாலத்துக்குள்தான் பெரும்பாலும் கணக்குகள் புரளும். காலையில் 4.5 ஆக இருந்த பொட்டாசியம் மாலையில் 6 ஆகலாம். நோயாளி அப்போதும் கட்டிலில் இருந்து பேசிக்கொண்டுதான் இருப்பார். பொட்டாசியம் ஏறுவது பல வேளை வெளியில் தெரியாது. இரத்தப் பரிசோதனைக்கும் ஈ.சி.ஜி.க்கும்தான் தெரியும். 2004இல் கெய்ரோ, பிஷப் என்ற இரு வைத்தியர்கள் வகுத்த வரையறையைத்தான் இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சைக்கு 3 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை, யூரிக் அமிலம் 8 மில்லிகிராம், பொட்டாசியம் 6, வளர்ந்தவருக்கு பொஸ்பேட் 4.5 மில்லிகிராம் ஆகியவற்றை எட்டினாலோ, கல்சியம் 7 மில்லிகிராமுக்கு இறங்கினாலோ, இந்நான்கில் இரண்டு சேர்ந்தால் கட்டிச் சிதைவு என்று கொள்வார்கள். 3 நாள் முன்பு என்பதைக் கவனியுங்கள். மருந்தே தொடாமல் தானாகவும் உடையத் தொடங்கும் கட்டிகள் உண்டு.

அதே வாசகர்
கல்சியம் குறைகிறதென்றால் ஒரு கல்சியக் குளிசை கொடுக்கலாமே?

கூடாது. பொஸ்பேட் உயர்ந்திருக்கும்போது கல்சியம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்திலேயே படியும். இழுப்பு, வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வந்தால் மட்டும் வைத்தியர் ஊசி வழியே கொடுப்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாவலப்பிட்டி
எனக்குக் கால் பெருவிரல் வீக்கத்துக்குத் தந்த அலோபியூரினோல் குளிசையையே, லிம்போமாவுக்காகப் படுத்திருக்கும் என் தம்பிக்கும் தருகிறார்கள். வாத வருத்தக் குளிசைக்குப் புற்றுநோய் வாட்டில் என்ன வேலை?

சேர், அந்தக் குளிசை பிறந்ததே புற்றுநோய் ஆராய்ச்சியில்தான். கேர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க வேதியியலாளரும் ஜோர்ஜ் ஹிட்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய்க்கான 6-மேர்கப்டோபியூரின் மருந்து உடம்பில் சீக்கிரம் சிதைந்துபோகாமல் தடுக்க வழி தேடினார்கள். அதற்காக எடுத்த பொருள் யூரிக் அமிலம் உருவாவதையே மறித்தது. அதுதான் அலோபியூரினோல். பிறகுதான் உங்கள் பெருவிரலுக்கு வந்தது. எலியனுக்குப் பதினைந்து வயதானபோது தாத்தா புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரம்தான் அவரை வேதியியலுக்குக் கொண்டுவந்தது. ஹிட்சிங்ஸோடும் ஜேம்ஸ் பிளாக்கோடும் 1988இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தக் குளிசை புதிதாக யூரிக் அமிலம் உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே இருப்பதைக் கரைக்காது. அதனால்தான் கீமோவுக்கு ஓரிரு நாள் முன்னரே தொடங்குகிறார்கள். இருப்பதைக் கரைக்க ரஸ்புரிகேஸ் என்ற ஊசி உண்டு. பாலூட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு இயல்பாகவே இருக்கும் ஒரு நொதியத்தை மனிதனுடைய முன்னோர் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இழந்துவிட்டார்கள். அதையே ஆய்வுகூடத்தில் செய்து கொடுக்கிறார்கள். விலை மிக அதிகம். இந்தியாவில் பல வைத்தியசாலைகள் முழு அளவைக் கொடுக்காமல் ஒரேயொரு சிறு குப்பி, அதாவது 1.5 மில்லிகிராம், கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கின்றன. நம்மைப் போன்ற நாட்டுக்கு இது மிகப் பெரிய செய்தி.

ஜீ6பிடி என்ற நொதியக் குறைபாடு உள்ளவருக்கு இந்த ஊசி கூடவே கூடாது. செங்குருதிக் கலங்கள் உடைந்துபோகும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஏதும் மருந்து எடுத்த பின் சலம் கறுத்து, உடம்பு மஞ்சளானது உண்டா? இருந்தால் தம்பியின் வைத்தியருக்கு இன்றே சொல்லுங்கள். அலோபியூரினோல் எடுத்துத் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

ஒரு மனைவி, தொலஸ்பாகை
பெரியாஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறேன். அவருக்குச் சக்தி வர தெம்பிலி, வாழைப்பழம், இலைக்கஞ்சி கொண்டுபோகலாமா?

உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது அம்மா. இருந்தும் இந்த ஒரு கிழமை அந்த மூன்றும் வேண்டாம்.

செவ்விளநீர் நம் நாட்டில் நோயாளிக்குக் கொடுக்கும் முதல் மரியாதை. ஆனால் இளநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வாழைப்பழத்தில் அதைவிடவும் அதிகம். வாட்டில் ஏற்றுகிற சேலைனில்கூடப் பொட்டாசியம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டு தெம்பிலி வெட்டிக் கொடுத்தால் அந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியிலும் பொட்டாசியம் உண்டு. அதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வல்லாரைக் கஞ்சி, கீரைச் சாறு, தக்காளிச் சாறு, உலர்ந்த முந்திரிகை, பேரீச்சம்பழம் எல்லாம் அதே வரிசைதான். பால்மாவிலும் நெத்தலிக் கருவாட்டிலும் பொஸ்பேட் அதிகம். ஈரலும் மார்மைட்டும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

காமரங்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் கண்டிப் பக்கத்தில் இருக்கிறது. காமரங்காச் சாற்றால் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி இங்குள்ள வைத்தியர்களே 2015இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகக் குழாய்களில் படிகிறது. பிலிம்பிச் சாற்றாலும் அதே கேடு வந்ததைக் கேரளத்து வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். யூரிக் அமிலத்தோடு போராடிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இவற்றைக் காட்டவே கூடாது.

எதைக் கொண்டுபோகலாம்? சோறு, இடியப்பம், முட்டை வெள்ளைக்கரு. கிழங்கையும் மரக்கறியையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். நன்றாகக் கழுவித் தோல் சீவிய அப்பிள், ஒரு துண்டு அன்னாசி கொடுக்கலாம். பிளேன்டீ கொடுக்கலாம். கணக்குகள் சீராகிவிட்டன என்று வைத்தியர் சொன்ன பிறகு தெம்பிலி வெட்டுங்கள். அன்றைக்கு அது இன்னும் இனிக்கும்.

வாசகர், புசல்லாவை
என் மனைவியின் கழுத்தில் கட்டிகள் வந்தன. கடையில் ஒருவர் தந்த சிறிய குளிசையைப் பத்து நாள் போட்டதும் கட்டிகள் வற்றிவிட்டன. இனிக் கிளினிக் போகத் தேவையில்லைதானே?

கட்டாயம் போக வேண்டும். இந்தக் கிழமையே போங்கள்.

அந்தக் குளிசை ஸ்டெரொயிட்டாக இருக்கக்கூடும். பிரெட்னிசலோன், டெக்ஸாமெதசோன் இரண்டும் லிம்போமாக் கலங்களைக் கொல்லும் வல்லமை உள்ளவை. அதனால்தான் கீமோவிலும் அவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் தனியாக எடுத்தால் நோய் தீராது. சில கிழமைக்குப் பதுங்கி, பிறகு முன்னைவிடப் பலமாக வரும். இடையில் வெட்டிச் சோதிக்கிற துண்டில் செத்த கலங்கள்தான் இருக்கும், என்ன நோய் என்று நுணுக்குக்காட்டியில் தெரியாமல் போகலாம். இதைவிடக் கொடியது இன்னொன்று. கட்டி பருமனாக இருந்தால் ஒரு வேளைக் குளிசையே கட்டிச் சிதைவைத் தொடக்கிவிடலாம். சேலைன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, பக்கத்தில் வைத்தியர் இல்லை. வீட்டில் படுத்திருக்கும்போதே சிறுநீரகம் நின்றுபோகும்.

குளிசை மட்டையை எறியாமல் கொண்டுபோங்கள். எத்தனை நாள், எத்தனை வேளை என்று கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பல கிழமையாக எடுத்தவர் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது. அதற்கும் வைத்தியர் சொல்லும் முறை உண்டு. நம் பக்கத்தில் கழுத்துக் கட்டி என்றதும் காசநோய் என்றே நினைக்கிறோம். பல வேளை அது சரியாகவும் இருக்கும். எது என்று தீர்மானிப்பது கட்டியிலிருந்து எடுத்த துண்டுதான். இரண்டு கிழமைக்கு மேல் வளர்கிற கட்டி, இரவில் உடுப்பு நனையும் வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைதல், இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனைக்கு முன் ஸ்டெரொயிட்டைத் தொடாதீர்கள். மருந்துக்கடை வைத்திருப்போரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன்: வைத்தியரின் மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டெரொயிட்டைக் கொடுக்காதீர்கள்.

சீனி வருத்தக்காரர், கொத்மலை
கீமோ போட்ட நாளிலிருந்து சீனி 400ஐத் தாண்டுகிறது. வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாக இருக்கிறது. மீற்றர் பழுதா?

மீற்றர் சரி, பார்க்கும் நேரம்தான் பிழை. ஆர்-சொப் என்ற கீமோவில் 5 நாளைக்குத் தினமும் 100 மில்லிகிராம் பிரெட்னிசலோன் உண்டு. காலையில் எடுத்த குளிசை பின்னேரத்தில்தான் சீனியை ஏற்றும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். அந்த நாட்களுக்கு இன்சுலின் தேவைப்படலாம், அதற்காக மனம் உடைய வேண்டாம். ஐந்து நாள் முடிந்ததும் கூட்டிய இன்சுலினைக் குறைக்க மறக்காதீர்கள். மறந்தால் சீனி விழுந்து மயங்கிவிடுவீர்கள். சிறுநீரகக் கணக்கு உயர்ந்திருந்தால் மெட்போமினைத் தொடரலாமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒரு மருமகள், கம்பளை
மாமிக்கு லிம்போமா. ஓயாத தாகம், அடிக்கடி சலம், நாலு நாளாக மலம் போகவில்லை. நேற்றிலிருந்து ஆளை மாறிப் பேசுகிறார். மனக்கவலையா?

மனக்கவலை என்று விட்டுவிடாதீர்கள். இன்றே கூட்டிப்போய் இரத்தத்தில் கல்சியம் பாருங்கள். சீனியும் பார்க்கட்டும். சில லிம்போமாக்கள் விற்றமின் டீயின் செயற்படும் வடிவத்தை அளவுக்கு மீறி உண்டாக்கிக் கல்சியத்தை ஏற்றிவிடும். சேலைனும், சொலெட்ரோனிக் அமில ஊசியும், ஸ்டெரொயிட்டும் கொடுத்தால் சில நாளில் தெளிந்துவிடுவார். இது பெரும்பாலும் மீளக்கூடிய குழப்பம். எலும்புக்கு நல்லதென்று கொடுத்துவரும் கல்சியம், விற்றமின் டீக் குளிசைகளை நிறுத்துங்கள். பிரஷருக்கு எடுக்கும் குளிசைகளையும் காட்டுங்கள். அவற்றில் ஒரு வகை கல்சியத்தைக் கூட்டும்.

தாதியர் பயிற்சி மாணவி, கண்டி
ஒரு நோயாளிக்கு ஒட்சிசன் அளவு சரி, பிரஷர் சரி. ஆனாலும் மூச்சு வாங்குகிறது, சீனி குறைகிறது. ஏன்?

கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள் மகள். லக்ரிக் அமிலம் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் இருந்தும் புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோஸை நொதிக்கச் செய்து லக்ரிக் அமிலமாக்குகின்றன என்று ஜேர்மனியின் ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே காட்டினார். வேகமான லிம்போமா உடம்பு முழுக்க நிறைந்தால், அரிதாக, அந்த அமிலம் ஈரல் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். அமிலத்தை வெளியேற்றத்தான் மூச்சு வாங்குகிறது. தயமின் கொடுத்துப் பார்ப்பார்கள். உண்மையான மருந்து தாமதமில்லாத கீமோதான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரஸ்புரிகேஸ் கொடுத்தவரின் யூரிக் அமில மாதிரியை ஐஸில் வைத்தே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அந்த நொதியம் குழாய்க்குள்ளேயும் வேலை செய்து, பொய்யாகக் குறைந்த கணக்கைக் காட்டும்.

வாசகி, உலப்பனை
கீமோவில் பட்டிப்பூ மருந்து இருக்கிறதாமே. வீட்டு வாசலில் நிற்கிறது, அவித்துக் குடிக்கலாமா?

பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டீன் வந்தது, உண்மை. இலையில் அது மிகச் சொற்பம், வேறு பல நச்சுப் பொருள்களும் கூட இருக்கின்றன. அளந்து கொடுத்தாலே மலச்சிக்கலையும் நரம்பு விறைப்பையும், சில வேளை இரத்தத்தில் சோடியக் குறைவையும் உண்டாக்கும் மருந்தை அளவில்லாமல் குடிக்காதீர்கள். பூவைச் சாமிக்கு வையுங்கள்.

ஒரு தம்பி, நாவலப்பிட்டி
இவ்வளவு பாடுபட்டும் அண்ணன் பிழைப்பாரா? உண்மையைச் சொல்லுங்கள்.

அண்ணனைப் பார்க்காமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நோயைப் பற்றிச் சொல்கிறேன். பரவிய பெரிய பி-கல லிம்போமாவில் ஆர்-சொப் முறையால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் முழுமையாகக் குணமாகிறார்கள். பர்க்கிட் லிம்போமா வந்த பிள்ளைகளில், நல்ல வசதியுள்ள இடங்களில், பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மெதுவாக வளரும் லிம்போமாக்கள் பல ஆண்டுக் கணக்கில் கூடவே இருக்கும், வேரோடு போவது அபூர்வம். வேகமானது முற்றாகப் போகக்கூடியது. இப்படிக் குணமாகக்கூடிய ஒருவரை முதல் கிழமையில் பொட்டாசியத்துக்குப் பறிகொடுப்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

தோட்டத் தலைவர் ஒருவர், நாவலப்பிட்டிக்கு மேலே
எங்கள் லயத்தில் ஒருவர் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். இரவில் ஏதாவதென்றால் கண்டிக்கா ஓட வேண்டும்?

கண்டிக்கு ஓட வேண்டாம். முதலில் நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறினால் ஈ.சி.ஜி., கல்சியம் குளுக்கோனேட் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின் இவைதான் உடனடித் தேவை. டயலிசிஸ் வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். மலைப் பாதையில் மேலும் நாற்பது கிலோமீற்றர் அவரால் தாங்க முடியாது.

எதற்கெல்லாம் போக வேண்டும்? சலம் குறைந்தால், நெஞ்சு படபடத்தால், கை கால் இழுத்தால், வாயைச் சுற்றி விறைத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், பேச்சு குழம்பினால். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கீமோவுக்குப் பின் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும். ஒரு லீற்றர் போத்தலில் கோடு போட்டுக் கொடுத்துச் சலத்தை அளக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 1990, இலவசம். அழைக்கும்போது "கீமோ போட்டு இத்தனையாவது நாள்" என்று முதலில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

தலைவர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்புலன்ஸ் ஏறி வர முடியாத பாதையாக இருந்தால், அவர் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் இரவில் ஒரு வாகனத்தையும் சாரதியையும் ஆயத்தமாக வைத்திருக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை அவருடைய வீட்டிலும் வையுங்கள்.